கொப்பியில் நிரப்பாத பக்கம்



உங்கள் வீட்டு அலுமாரியில், பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் வைத்திருக்கும் அதே பையில், ஒரு கொப்பி இருக்கும். ஆண் பிள்ளையென்றால் நீல நிறம், பெண் பிள்ளையென்றால் ரோஸ் நிறம். 'கிளினிக் கொப்பி' என்று நாம் சொல்லும் பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடுதான் அது. இன்று வேலை முடிந்ததும் அதை எடுத்து ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். தடுப்பூசிப் பக்கம் நிரம்பியிருக்கும். நிறையைக் குறிக்கும் வரைபில் மாதா மாதம் புள்ளி விழுந்திருக்கும். ஆனால் பிள்ளை எப்போது முகம் பார்த்துச் சிரித்தது, எப்போது சத்தம் வந்த பக்கம் திரும்பியது, எப்போது முதற்சொல் சொன்னது என்று பெற்றோர் பார்த்துக் குறிக்க வேண்டிய இடங்களும் அதில் உண்டு. அந்தப் பக்கம் உங்கள் வீட்டுக் கொப்பியில் எப்படி இருக்கிறது?

எங்கள் வீட்டுக் கொப்பியில் அது வெறுமையாக இருந்தது. அந்த வெறும் பக்கம் எனக்குக் கற்றுத் தந்த பாடத்தைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால் நான் ஊரறிந்த 'டீச்சர்'. 1998ல் தொடங்கி, 2020ல் கொரோனா வந்து கதவை மூடும் வரை, கல்முனைப் பக்கத்தில் ஒரு சிறிய பாலர் பாடசாலையில் படிப்பித்தவள். இருபத்திரண்டு வருடங்கள் ஊரார் பிள்ளைகளுக்குச் சொல் சொல்லிக் கொடுத்தவளின் வீட்டில், அவளுடைய சொந்தப் பேரன் சொல் இல்லாமல் இருந்தான்.

என் மகள் ஓர் அரச அலுவலகத்தில் வேலை செய்கிறாள். மருமகன் கத்தாரில். நமது ஊர் வழக்கப்படி மகளுக்குக் கொடுத்த வீட்டில், நானும் அவளோடுதான் இருக்கிறேன். காலை ஏழரைக்கு அவள் போனால் மாலை ஐந்துக்குத்தான் வருவாள். அதுவரை பேரன் என் பொறுப்பு. பிள்ளை சாதுவானவன். அழமாட்டான், அடம் பிடிக்கமாட்டான். போனைக் கையில் கொடுத்தால் ஒரு கோப்பை சோறும் உள்ளே போய்விடும். "டீச்சர்ர பேரன் என்ன நல்ல புள்ள" என்று பக்கத்து வீட்டார் சொல்லும்போது எனக்கும் பெருமையாகவே இருந்தது.

ஒன்றரை வயதில் ஊசி போடக் கிளினிக்குக்குக் கொண்டு போனோம். நிறை சரி, உயரம் சரி. மிட்வைப் மிஸ் கொப்பியைப் புரட்டியவர் அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"டீச்சர், மகன் எத்தின சொல் கதைக்கிறார்?"

என்னிடம் பதில் இல்லை. "ஆம்புளப் புள்ளைகள் சுணங்கித்தானே மிஸ் கதைக்கிற. இவர்ர வாப்பாவும் மூணு வயசிலதான் வாய் தொறந்தாராம்" என்றேன். அவர் ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. "சரி டீச்சர், நான் வீட்டுக்கு ஒருக்கா வாறன்" என்று மட்டும் சொன்னார். வரும் வழியெல்லாம் எனக்குக் கோபம். என் மகளின் வயதுடைய பெண், எனக்கா பிள்ளை வளர்ப்புச் சொல்லித்தரப் போகிறாள் என்ற கோபம். வீட்டுக்கு வந்ததும் கொப்பியை அலுமாரியின் அடியில் வைத்துவிட்டேன். மகளிடம்கூட அந்தக் கேள்வியைச் சொல்லவில்லை.

ஒரு கிழமை கழித்து, பகல் பன்னிரண்டு மணிபோல, ஸ்கூட்டியில் அவர் வந்து இறங்கினார். அப்போது பேரன் பாயில் இருக்கிறான், கையில் போன், நான் பக்கத்தில் இருந்து சோறு தீத்துகிறேன். அவனும் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவனைப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் அந்தப் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் குறை ஒன்றும் சொல்லவில்லை. கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. நேராகப் பாயில் அவனுக்கு முன்னால் இருந்தார். குசினி வாசலில் கிடந்த இரண்டு சிரட்டையை எடுத்து 'டொக் டொக்' என்று தட்டினார். பிள்ளை நிமிர்ந்து பார்த்தான். ஒரு சிரட்டையை அவன் கையில் கொடுத்துவிட்டு, சும்மா இருந்தார். நான் "தட்டுங்க மகன், தட்டுங்க" என்று வாய் திறந்தேன். "கொஞ்சம் பொறுங்க டீச்சர்" என்று கையைக் காட்டினார். எத்தனை விநாடி சென்றதோ தெரியாது. பிள்ளை தன் சிரட்டையால் அவருடைய சிரட்டையில் ஒரு தட்டுத் தட்டினான். அவர் திருப்பித் தட்டினார். அவன் சிரித்தான். வாயிலிருந்து 'தொ' என்று ஒரு சத்தமும் வந்தது. அவரும் 'தொ' என்றார்.

"இதுதான் டீச்சர் கதை. நாம ஒண்டு சொன்னா அவர் திருப்பிச் சொல்ல ஒரு இடைவெளி உடணும். அவர் ஒண்டு செஞ்சா நாம பதில் சொல்லணும். போன் அவருக்குப் பதில் சொல்லாதே."

சகோதரிகளே, இது எனக்குத் தெரியாத விடயமா? 2004 டிசம்பர் 26ம் திகதி கடல் எழும்பி வந்து, நமது அம்பாறைக் கரையில் மட்டும் பத்தாயிரத்துக்கும் அதிகமான உயிர்களைக் கொண்டு போனது உங்களுக்கு நினைவிருக்கும். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று கரையோரமெல்லாம் வெறும் அத்திவாரங்களே மிஞ்சின. அப்போது நாங்கள் சில டீச்சர்மார் அகதிகள் தங்கியிருந்த பாடசாலைகளுக்கும் கூடாரங்களுக்கும் போவோம். வாய் திறக்காத பிள்ளைகளைக் கண்டோம். அவர்களுக்கு என்ன சொல்வதென்று எங்களுக்கும் தெரியவில்லை. அவர்களோடு மணலில் இருந்து சோகி பொறுக்கி அடுக்குவோம். அவர்கள் கலைத்தால் மறுபடி அடுக்குவோம். பல நாள் போன பிறகு ஒரு பிள்ளை "இன்னும் ஒண்டு" என்று சொல்லும். அந்தச் சொல்லுக்காக ஒரு மாதம் நடந்திருப்போம். ஒரு தாய் இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, மூன்றாவதை மடியில் வைத்தபடி அதன் முகத்தையே பாராமல் இருந்தார். நாங்கள் பிள்ளையோடு விளையாடப் போய்ப் போய்த்தான் அந்தத் தாயும் மெல்ல மெல்லத் திரும்பிப் பார்த்தார். வீடு தேடிப் போவதன் பலன் அன்றே எனக்கு விளங்கியது. ஆனால் அந்தத் தாய்க்குத் துக்கம் இருந்தது. எனக்கு என்ன இருந்தது? சோம்பலும் ஒரு போனும்தான்.

அன்றிரவு மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுதாள். "வேலைய உடட்டா உம்மா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். மிஸ் சொன்னபடி முதலில் காதைச் சோதிக்க வைத்தியசாலைக்குக் கொண்டு போனோம். இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். பிள்ளை கதைக்கச் சுணங்கினால் எல்லாம் நம்முடைய கவனக்குறைவுதான் என்று எண்ணிவிட வேண்டாம். காது கேளாமல் இருக்கலாம். ஓட்டிசம் போன்ற வேறு காரணமும் இருக்கலாம். அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர். கண்ணூறு என்று சொல்லித் தண்ணீர் ஓதிக் கொடுக்கச் சொன்னவர்களும் இருந்தார்கள். துஆச் செய்வோம், அதற்காகக் காதைச் சோதிப்பதைப் பிற்போட வேண்டாம். மாதங்கள் போனால் திரும்பி வராது. அல்ஹம்துலில்லாஹ், பேரனின் காதில் குறையில்லை. டாக்டரும் மிஸ் சொன்னதையே சொன்னார்: போனை நிறுத்துங்கள், பிள்ளையோடு கதையுங்கள், திரும்பக் கொண்டுவந்து காட்டுங்கள்.

இந்த மிட்வைப் மிஸ்மார் வீடு தேடி வருவது நமக்குப் பழகிப்போன ஒன்று. அதனால் அதன் அருமை தெரிவதில்லை. 1926ல் களுத்துறையில் இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. அதிலிருந்து வளர்ந்த ஏற்பாடுதான் இன்று நமது தெருவரைக்கும் வந்திருக்கிறது. 1940களின் முற்பாதியில் நமது நாட்டில் பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் நூறுக்கும் அதிகமானவை முதற்பிறந்தநாளைக் காணாமலே மௌத்தாயின. நமது மூத்தம்மாமாரைக் கேட்டால், "பெத்தது ஒம்பது, இருக்கிறது அஞ்சு" என்பார்கள். இன்று ஆயிரத்துக்குப் பத்துக்கும் குறைவு. அதற்குப் பல காரணங்கள் உண்டென்றாலும், வெயிலிலும் மழையிலும் வீட்டுக்கு வீடு நடந்த இந்தப் பெண்களின் பங்கு அதில் பெரியது. கர்ப்பமான நாளில் இருந்து வருகிறார்கள். பிள்ளை பிறந்து முதற் பத்து நாட்களுக்குள்ளேயே இரண்டு தடவை வந்து பார்க்க வேண்டும் என்பது அவர்களுடைய வேலை ஒழுங்கு. 1973ல் தொடங்கிய திரிபோஷவும் கிளினிக் வழியாகத்தான் நமது தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் கிடைத்தது.

உயிரைக் காப்பாற்றுவது முதல் வேலை. அறிவையும் மனதையும் வளர்ப்பது அடுத்த வேலை. இந்த இரண்டாவது வேலையை ஒரு மிஸ் தனியாகச் செய்ய முடியாது. ஆயிரக்கணக்கான சனம் அவருக்குக் கீழே. நம் வீட்டில் அவர் இருப்பது அரை மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் நம்முடையது. அவர் காட்டித் தருவார்; செய்ய வேண்டியவர்கள் நாம்.

அப்படிச் செய்தால் பலன் உண்டா என்று கேட்பீர்கள். உலகில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஜமெய்க்கா நாட்டின் கிங்ஸ்டன் நகரில் 1986, 87 காலத்தில், ஏழைக் குடும்பங்களில் வளர்ச்சி குன்றிய 129 பிள்ளைகளை எடுத்தார்கள். எல்லோரும் ஒன்பது மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்டவர்கள். ஒரு பகுதிப் பிள்ளைகளின் வீடுகளுக்கு, கிழமைக்கு ஒரு மணி நேரம், இரண்டு வருடங்கள், சாதாரண சுகாதார ஊழியப் பெண்கள் போனார்கள். விலை உயர்ந்த சாமான் ஒன்றும் கொண்டு போகவில்லை. வீட்டில் வீசும் பொருட்களில் செய்த விளையாட்டுச் சாமான்கள்தான். தாய்க்கு, பிள்ளையோடு விளையாடவும் கதைக்கவும் பழக்கினார்கள். சாலி கிரந்தம்-மக்ரெகர் என்ற பெண் வைத்தியர் நடத்திய ஆய்வு இது. அந்தப் பிள்ளைகள் அறிவு வளர்ச்சியில் முன்னேறியதை 1991ல் வெளியிட்டார்கள். இருபது வருடங்கள் கழித்து அதே பிள்ளைகளைத் தேடிப் போய்ப் பார்த்தார்கள். வீட்டுக்கு ஆள் போய்ப் பழக்கிய பிள்ளைகள், அப்படிப் போகாத பிள்ளைகளைவிட ஏறத்தாழ 25 வீதம் கூடுதலாக உழைத்துக்கொண்டிருந்தார்கள். இது 2014ல் வெளிவந்தது.

ஜமெய்க்கா தூரம் என்றால் பாகிஸ்தானைப் பாருங்கள். அங்கே 1994ல் இருந்து 'லேடி ஹெல்த் வேர்க்கர்' என்ற பெண்கள், நமது மிஸ்மாரைப் போல வீட்டுக்கு வீடு போகிறார்கள். சிந்து மாகாணத்தின் கிராமப்புறத்தில் 1,489 தாய்மாரையும் அவர்களுடைய குழந்தைகளையும் வைத்து ஓர் ஆய்வு நடந்தது. வழமையான சுகாதார ஆலோசனையோடு, பிள்ளைக்குப் பதில் கொடுத்து விளையாடும் முறையையும் அந்தப் பெண்கள் சொல்லிக் கொடுத்தார்கள். அப்படிப் பழகிய வீட்டுப் பிள்ளைகள் இரண்டு வயதாகும்போது அறிவிலும் பேச்சிலும் கை கால் அசைவிலும் மற்றவர்களைவிட முன்னே நின்றார்கள். அந்தத் தாய்மாரில் பலர் எழுத வாசிக்கத் தெரியாதவர்கள் என்பதைக் கவனியுங்கள். பிள்ளையோடு கதைப்பதற்குப் படிப்பு வேண்டியதில்லை.

மூன்று வயதாகும்போதே பிள்ளையின் மூளை, வளர்ந்தவர்களின் மூளை அளவில் சுமார் 80 வீதத்தை எட்டிவிடுகிறது. நாமோ மூன்று வயதில் பாலர் பாடசாலையில் சேர்த்த பிறகுதான் 'படிப்புத் தொடங்கியது' என்கிறோம். இதில் என் பிழையும் உண்டு. மூன்றரை வயதுப் பிள்ளைக்கு ஏ, பீ, சீ எழுத வீட்டுவேலை கொடுத்தவள் நான். "பக்கத்து நேர்சரியில எழுதுறாங்களே டீச்சர்" என்று தாய்மார் கேட்கும்போது மறுக்கத் துணிவு வரவில்லை. பென்சில் பிடிக்க விரல் உறுதிப்படாத பிள்ளை அழுதழுது எழுதும். அந்த நேரத்தில் அதற்குத் தேவைப்பட்டது மண்ணும் தண்ணீரும் கதையும்தான். வருட முடிவில் விழா வைத்து, வாடகை உடுப்பு உடுத்திப் படம் எடுக்கச் செலவழித்த காசில் ஒரு பங்குக்குப் படப்புத்தகம் வாங்கியிருக்கலாம்.

சரி, எங்கள் வீட்டில் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். பெரிதாக ஒன்றுமில்லை. செலவும் இல்லை.

போனைப் பிள்ளையின் கண்ணில் படாத இடத்தில் வைத்தோம். முதல் நான்கு நாள் சோறு தின்னமாட்டேன் என்று அழுதான். நான் தோற்றுவிடுவேனோ என்று பயந்தேன். ஐந்தாம் நாள் பசி வென்றது. இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் போன், டீவி வேண்டாம். அதற்குப் பிறகும் ஐந்து வயது வரை நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019ல் அறிவுறுத்தியிருப்பதை மிஸ் சொன்னார்.

பிறகு, என் வேலையிலேயே அவனைச் சேர்த்துக்கொண்டேன். அரிசி களையும்போது ஒரு சிறங்கை அரிசி அவனுக்கு. தேங்காய் திருவும்போது பூவை நுள்ளி வாயில் வைத்து "தேங்காய்ப் பூ, இனிக்குதா?" என்று கேட்பேன். கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு காத்திருப்பேன். காத்திருப்பதுதான் கஷ்டம்! டீச்சர்மாருக்கு அது மிகக் கஷ்டம். உடுப்பு மடிக்கும்போது பெரிய சாரன், சின்னச் சாரன். முற்றத்தில் காகம், அணில், முருங்கையில் மயிர்க்கொட்டி. அவன் கை நீட்டிக் காட்டுவதன் பெயரை நான் சொல்வேன். அவன் பார்க்காததைக் காட்டிப் பார் பார் என்று இழுப்பதை விட்டுவிட்டேன்.

இரவில் மகள் அரை மணி நேரம் அவனுக்கு மட்டும் என்று ஒதுக்கினாள். என் உம்மா எனக்குப் பாடிய ஓராட்டை நான் மறந்தே போயிருந்தேன். பாதி வரிகள்தான் நினைவு வந்தன. மீதியை நானே சேர்த்துப் பாடினேன். பிள்ளை குறை சொல்லவில்லை.

வாப்பாவின் பங்கு என்ன? மருமகன் மாதா மாதம் காசும், வருவோரிடம் பற்றரியில் ஓடும் காரும் அனுப்புவார். போன் எடுத்தால் மகளோடு கதைப்பார். பிள்ளைக்குக் கை காட்டிவிட்டு வைப்பார். "தம்பி, காரைவிட உங்கட குரல்தான் அவருக்கு வேணும்" என்று எழுதினேன். அதன் பிறகு அவர் வேலை முடிந்து அறைக்கு வந்ததும் எடுத்து, பத்து நிமிடம் பிள்ளையோடு மட்டும் கதைப்பார். தொப்பியால் முகத்தை மறைத்து 'வாப்பா எங்க?' என்பார். திரையில் ஓடும் படத்துக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. இது பதில் சொல்லும் முகம். நமது நபி (ஸல்) அவர்கள் பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தபடியே தொழுததையும், ஸுஜூதில் பேரப்பிள்ளை முதுகில் ஏறியபோது அது இறங்கும் வரை தலையை உயர்த்தாமல் இருந்ததையும் நாம் ஹதீஸில் கேட்டிருக்கிறோம். அவர்களுக்கே அதற்கு நேரம் இருந்ததென்றால், நமது ஆண்களுக்கு என்ன வேலை வந்துவிட்டது? ஊரில் இருக்கும் வாப்பாமார், சந்தியில் இருந்து எழும்பி ஒரு கால் மணி நேரம் முன்னதாக வீட்டுக்கு வந்தால் போதும்.

மிஸ் இடைக்கிடை வருவார். எனக்கு இப்போது அவர் வரும் நாள் பெருநாள் மாதிரி. ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம் சென்றது. சொல் வரவில்லை. சத்தங்கள் வந்தன, சைகைகள் வந்தன, கண்ணைப் பார்த்துச் சிரித்தான். சொல் இல்லை. தஹஜ்ஜத்தில் அழுதிருக்கிறேன், என்னால்தான் இப்படி ஆகிவிட்டதோ என்று.

நான்காவது மாதம் ஒரு காலை நேரம். தெருவில் மீன்காரரின் மோட்டார் சைக்கிள் ஹோர்ன் கேட்டது. நான் குசினியில். பேரன் ஓடிவந்து என் சீலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து, "மீ" என்றான். "என்ன மனே?" என்றேன். "மீ... மீன்!" என்றான். அவனைத் தூக்கிக்கொண்டு படலைக்கு ஓடினேன். அன்றைக்குத் தேவையில்லாமல் ஒரு கிலோ சூடை வாங்கினேன். மகளுக்குப் போன் எடுத்தேன். அவள் அலுவலகத்திலேயே அழுதுவிட்டாளாம். அந்தப் பக்கத்தில் அன்று திகதியைக் குறித்தோம்.

இப்போது அவனுக்கு நான்கு வயது. கதைக்கிறான், கேள்வி கேட்கிறான். சில சொற்கள் இன்னும் தடுமாறுகின்றன. மாதம் ஒரு தடவை பேச்சுப் பயிற்சிக்குக் கொண்டு போகிறோம். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அந்த முதல் ஒன்றரை வருடத்தை நான் திருப்பித் தர முடியாது. ஆனால் உங்கள் வீட்டில் ஆறு மாதப் பிள்ளையோ எட்டு மாதப் பிள்ளையோ இருந்தால், உங்களிடம் அந்தக் காலம் இன்னும் இருக்கிறது.

ஆகவே சகோதரிகளே, அந்தக் கொப்பியை எடுங்கள். வெறுமையாக இருக்கும் இடத்தைப் பாருங்கள். எந்த இடத்தில் சந்தேகம் வருகிறதோ அதை மறைக்காமல் மிஸ்ஸிடம் கேளுங்கள். அவர் வந்தால், வீடு கூட்டவில்லை, பிள்ளை குளிக்கவில்லை என்று வெட்கப்பட்டுக் கதவைச் சாத்த வேண்டாம். அவர் பார்க்க வருவது வீட்டை அல்ல. கொப்பியை ஒளித்து வைத்தவள் சொல்கிறேன்: ஒரு பாயை விரித்து, இரண்டு சிரட்டையைப் பக்கத்தில் வையுங்கள்.